ஆவியில் போட்டால் மட்டும் போதுமா, கண்ணு?

மாஸ்க்கைத் துவைக்காமல் அப்படியே குக்கரில் போட்டு இரண்டு விசில் விட்டுவிட்டு, "ஆவி பட்டாச்சு அக்கா, இனிமே கிருமி ஏது?" என்று கேட்கிறவர்கள் எனக்கு நிறையப் பேரைத் தெரியும். நீ அந்தக் கூட்டத்தில் இல்லை என்றால் சந்தோஷம். இருந்தால் கொஞ்சம் உட்கார். சமையல் வேலை பத்து நிமிஷம் காத்திருக்கும்.

லேக் மார்க்கெட்டில் கறிவேப்பிலை வாங்கப் போனால்கூட என்னை நிறுத்தி இதைத்தான் கேட்கிறார்கள். நர்சிங் ஹோமில் தியேட்டர் துணியும் ஆட்டோகிளேவும் பார்த்தவள் என்றால் கொல்கத்தாவில் அப்படித்தான், ரிடையர் ஆனாலும் விடமாட்டார்கள். கேட்கிறவர்களில் சிலருக்கு வீட்டில் மாமியாரோ அப்பாவோ படுக்கையில் இருப்பார்கள். மற்றவர்கள் சின்ன நர்சிங் ஹோமிலோ பல் டாக்டரிடமோ வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே "ஆட்டோகிளேவை நீயே பாத்துக்கோ" என்று தலையில் கட்டப்பட்ட பெண்கள். எல்லோருக்கும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

மனதில் இருக்க வேண்டியது இதுதான்: ஆவி தொட்ட இடம்தான் சுத்தம். அழுக்கு மறைத்தால் ஆவி தொடாது. உள்ளே காற்று தங்கினால் தொடாது. திணித்து அடுக்கினால் தொடாது. எல்லாம் சரியாகச் செய்துவிட்டு ஈரத்தோடு எடுத்து வைத்தாயானால், தொட்டதும் வீண். இந்த ஊரின் ஈரக் காற்றில் நம் உயிரை வாங்குவது அந்தக் கடைசி வேலைதான்.

1. எது ஆவிக்குள் போகலாம், எது போகவே கூடாது

முதல் தப்பு இங்கேதான் நடக்கிறது. கையில் கிடைத்ததையெல்லாம் வேகவைக்கிறது.

- பருத்தி மாஸ்க், பருத்தி கவுன், தலைத் தொப்பி, தியேட்டர் துணி: தாராளமாகப் போகலாம். காதில் மாட்டும் எலாஸ்டிக் மட்டும் சீக்கிரம் தளர்ந்துவிடும். அதனால் நாடா வைத்துத் தைத்ததையே வாங்கு.

- என்95: கூடாது. இதன் நடு அடுக்கு பாலிப்ரொப்பிலீன் நூலைக் காற்றில் ஊதிச் செய்தது. நுண்ணிய துகளைப் பிடிப்பது அதில் ஏற்றி வைத்த நிலைமின்சாரம். சோப்பு, ஸ்பிரிட், சானிடைசர் பட்டால் அந்த மின்சாரம் போய்விடும். பார்க்க மாஸ்க் புதுசு மாதிரியே இருக்கும், வேலை செய்யாது. ஆட்டோகிளேவில் வைத்தால் கிண்ணம் போன்ற வடிவமுள்ளவை நெளிந்து முகத்தோடு ஒட்டாமல் போகும். ஓரத்தில் காற்று புகுந்தால் அது என்95 இல்லை, வெறும் அலங்காரம்.

- நீலக் கலர் மூன்றடுக்கு சர்ஜிக்கல் மாஸ்க்: ஒரு தடவைக்குத்தான். ஐந்து ரூபாய்க்குக் கேஸ் செலவழிக்காதே.

- தலை முதல் கால் வரை போடும் வெள்ளைக் கவரால்: தையல் மேல் டேப் ஒட்டியிருப்பார்கள். சூட்டில் அது உரிந்து வந்துவிடும். தையல் ஓட்டை வழியாக நனைந்தால் போட்டதும் ஒன்றுதான், போடாததும் ஒன்றுதான்.

- ரெக்சின் ஏப்ரன், ஃபேஸ் ஷீல்டு, கண்ணாடி: ஆவி வேண்டாம். சோப்புத் தண்ணீரில் கழுவி, மருந்து போட்டுத் துடைத்து, நிழலில் காயவை.

- திரும்பத் திரும்பப் போடும் பாலியெஸ்டர் கவுன்: லேபிளைப் படி. எத்தனை தடவை துவைக்கலாம், எவ்வளவு சூடு தாங்கும் என்று கம்பெனி போட்டிருக்கும். ஒவ்வொரு தடவையும் உள் ஓரத்தில் அழியாத மார்க்கரால் ஒரு கோடு போடு. கோடு நிறைந்தால் கவுனுக்கு ஓய்வு. "பாக்கறதுக்கு நல்லாத்தானே இருக்கு" என்ற பேச்சு வேண்டாம்.

"2020-ல எல்லாரும் என்95-ஐயே திரும்பத் திரும்ப சுத்தம் பண்ணினாங்களே அக்கா?" என்று கேட்பாய். பண்ணினார்கள். அந்த மார்ச் கடைசியில் நம்ம பெலேகாட்டா தொற்றுநோய் மருத்துவமனையில் ஜூனியர் டாக்டர்களுக்குப் பாதுகாப்பு உடைக்குப் பதிலாகப் பிளாஸ்டிக் ரெயின்கோட் கொடுத்த செய்தி உலகம் முழுக்கப் போனது. ஹரியானாவில் ஒரு டாக்டர் மோட்டார்சைக்கிள் ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு நோயாளியைப் பார்த்தார். கிடைக்காத காலம் அது. அமெரிக்காவிலேயே மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. சில ஆஸ்பத்திரி ஆவி இயந்திரங்களுக்கு, குறிப்பிட்ட சில என்95-களுக்கு மட்டும் அவசர அனுமதி கொடுத்தது. தட்டுப்பாடு தீர்ந்ததும் 2021 ஜூன் 30-ல் அந்த அனுமதிகளை ரத்தும் செய்துவிட்டது. நீ மட்டும் இன்னும் 2020-லேயே இருக்காதே.

வாட்ஸ்அப்பில் சுற்றிய "குக்கரில் என்95" கதையையும் தெளிவாக்கிவிடுகிறேன். இல்லினாய் பல்கலைக்கழகத்தில் எலெக்ட்ரிக் குக்கரில் செய்து பார்த்தது உண்மைதான். ஆனால் அதில் ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றவில்லை. 100 டிகிரி உலர்ந்த சூட்டில் 50 நிமிடம் வைத்தார்கள். நம்ம ஆட்கள் "குக்கர்" என்று படித்ததும் தண்ணீரை ஊற்றி விசில் விட்டுவிட்டார்கள்.

என்95-ஐக் கட்டாயம் மறுபடி போட்டே ஆக வேண்டும் என்றால், ஐந்து வைத்துக்கொண்டு நாளுக்கு ஒன்றாகச் சுற்றில் விடு. போட்டதைப் பேப்பர் பையில் போட்டுத் தேதி எழுதி மாட்டு. பிளாஸ்டிக் கவரில் வைத்தால் உன் மூச்சு ஈரம் உள்ளேயே தங்கிவிடும், ஆடி ஆவணியில் பூஞ்சை வாசனையே வரும். ரத்தம் பட்டிருந்தாலோ, நனைந்திருந்தாலோ, ஓரம் நெகிழ்ந்திருந்தாலோ சுற்றும் கிடையாது ஒன்றும் கிடையாது, குப்பைதான்.

2. துவைக்காமல் ஆவி இல்லை

அழுக்கோடு வேகவைத்தால் அழுக்கும் சேர்ந்து வேகும், அவ்வளவுதான். ரத்தமும் சளியும் சூட்டில் இறுகி நூலோடு ஒட்டிக்கொள்ளும். அதற்கு அடியில் இருக்கும் கிருமிக்கு அதுவே போர்வை.

- ரத்தக் கறைக்கு முதலில் பச்சைத் தண்ணீர். வெந்நீரை எடுத்த எடுப்பில் ஊற்றினால் கறை நிரந்தரம்.

- அழுக்குத் துணியை உதறாதே. மார்போடு அணைத்துத் தூக்காதே. கையுறை போட்டு, பக்கெட்டை நோயாளியின் கட்டில் பக்கத்துக்கே கொண்டுபோய் அங்கேயே போட்டுக்கொள்.

- சோப்பும் வெந்நீரும் போட்டுக் கம்பால் கிளறு. அதன் பிறகு 0.05 சதவீத குளோரின் தண்ணீரில் அரை மணி நேரம் ஊறட்டும். கடையில் கிடைக்கும் 5 சதவீத ப்ளீச் திரவம் என்றால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 10 மில்லி. கண் அளவில் ஊற்றாதே, மருந்து பாட்டில் மூடியில் அளந்து ஊற்று.

- ப்ளீச்சோடு டாய்லெட் கழுவும் ஆசிட்டைச் சேர்க்கவே சேர்க்காதே. வருவது விஷ வாயு. "ரெண்டும் சேர்ந்தா டபுள் சுத்தம்" என்று ஒரு புத்திசாலி எப்போதும் வீட்டில் இருப்பார், அவரைக் குளியலறைப் பக்கம் விடாதே.

- நன்றாக அலசு. குளோரின் மிச்சம் இருந்தால் சூட்டில் துணி மஞ்சளாகும், ஆட்டோகிளேவின் உள் உலோகம் அரிக்கும்.

- உங்கள் வீட்டில் ட்யூப்வெல் தண்ணீரா? கவனம். அதில் இரும்பு இருந்தால் ப்ளீச் பட்டதும் வெள்ளைத் துணியில் துருக் கறை திட்டுத் திட்டாக வரும். பிறகு ரத்தம் போகவில்லை என்று நினைத்து இன்னும் ப்ளீச் ஊற்றுவாய், இன்னும் கறை ஏறும். கடைசி அலசலுக்காவது கார்ப்பரேஷன் குழாய்த் தண்ணீரைப் பிடித்து வை.

அழுக்குத் துணியை ஈரத்தோடு மூலையில் குவித்துவிட்டு "நாளைக்குப் பாக்கலாம்" என்கிறாயே, அதைப் பற்றி இந்த ஊரிலேயே ஒருத்தர் எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். 1883 டிசம்பரில் ஜெர்மன் விஞ்ஞானி ராபர்ட் கோஹ் காலரா பார்க்கக் கொல்கத்தா வந்தார். இங்கே மெடிக்கல் காலேஜில் உட்கார்ந்துதான் காலரா கிருமியை உறுதி செய்தார். 1884 பிப்ரவரியில் ஊருக்கு அனுப்பிய அறிக்கையில், நோயாளியின் அழுக்குத் துணி ஈரமாக இருந்தால் கிருமி அதில் மளமளவென்று பெருகுகிறது, காய்ந்தால் சீக்கிரம் செத்துப்போகிறது என்று சொன்னார். இங்கே சாஹேப் பாகான் என்ற இடத்துக் குளத்தைச் சுற்றியிருந்த ஜனங்களுக்குக் காலரா வந்தபோது, முதலில் செத்தவரின் துணியை அந்தக் குளத்தில்தான் அலசினார்கள் என்பதையும் கண்டுபிடித்தார். இங்கே வருவதற்கு முன்பே, 1881-ல், உலர்ந்த சூட்டைவிட ஆவி வேகமாகக் கிருமியைக் கொல்லும் என்று சோதித்துக் காட்டியவர்களில் ஒருவரும் அவரே. அவ்வளவு பெரிய மனுஷர் இந்த ஊர் அழுக்குத் துணியைக் கிளறிப் பார்த்துச் சொல்லியிருக்கிறார். நீ ராத்திரியே துவைத்துப் போட்டுவிடு.

3. வீட்டுக் குக்கரில் பருத்தி மாஸ்க்

மத்திய அரசின் முதன்மை அறிவியல் ஆலோசகர் அலுவலகம் 2020-ல் வீட்டு மாஸ்க்குக்கென்று ஒரு கையேடு போட்டது. அதில் சொன்னது எளிமை: சோப்புப் போட்டு வெந்நீரில் துவைத்து நல்ல வெயிலில் 5 மணி நேரம். வெயில் இல்லையா, குக்கரில் தண்ணீருக்குள் உப்புப் போட்டு 10 நிமிடம். குக்கர் இல்லையா, பாத்திரத்தில் 15 நிமிடக் கொதி. அதுவும் முடியாதா, துவைத்து 5 நிமிடம் வரை இஸ்திரி.

ஜூலையில் கொல்கத்தாவில் 5 மணி நேர வெயிலை எங்கே போய் வாங்குவது? அதனால் குக்கர்தான். தண்ணீருக்குள் மூழ்க வைப்பதைவிட மேலே தட்டில் வைத்து ஆவி விடுவது எனக்குப் பிடிக்கும், சொட்டச் சொட்டப் பிழியும் வேலை இல்லை. ஆனால் முறையாகச் செய்.

- இதற்கென்று ஒரு பழைய குக்கர். சாம்பார் வைக்கும் குக்கர் இல்லை. சொல்லிவிட்டேன்.

- அடியில் தாராளமாக அரை லிட்டர் தண்ணீர். மேலே ஸ்டாண்டு, அதன் மேல் துளைத் தட்டு. மாஸ்க்குகளைச் சின்ன மல் துணிப் பையில் தளர்வாகப் போட்டுக் கட்டு. நாடா ஒன்று நீண்டு மூடியின் ஆவித் துளையை அடைத்தால் குக்கர் வெடிகுண்டு. பை எதற்கு என்று இப்போது புரிகிறதா?

- மூடியைப் போட்டதும் வெயிட்டைப் போடாதே. ஆவி சீராகப் பீய்ச்சி வரட்டும், இரண்டு மூன்று நிமிடம் விடு. உள்ளே இருந்த காற்று வெளியேறட்டும். பிறகு வெயிட். நூற்றுக்குத் தொண்ணூறு பேர் விடும் படி இதுதான்.

- முதல் விசில் வந்ததும் அடுப்பை சிம்மில் வைத்து 20 நிமிடம். வெயிட் தூக்கும் அளவில் உள்ளே கிட்டத்தட்ட 120 டிகிரி இருக்கும். விசிலை எண்ணாதே, கடிகாரத்தைப் பார்.

- தானாக அடங்கட்டும். தண்ணீருக்கடியில் காட்டி அவசரப்படுத்தினால் வெளியே வருவது நனைந்த மூட்டைதான்.

டார்ஜிலிங்கில் மகளைப் பார்க்கப் போயிருக்கிறாயா? அங்கே 2,000 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்துக் கொதியை நம்பாதே. குக்கரிலும் கூடுதலாகப் பத்து நிமிடம் கொடு.

இதைச் செய்துவிட்டு "ஸ்டெரைல்" என்று சொல்லிக்கொள்ளாதே. வீட்டில் போடும் மாஸ்க்குக்கு இது போதும். ஆபரேஷன் புண்ணைத் தொடும் துணிக்கு இது போதாது, அதற்கு ஆட்டோகிளேவ்தான்.

4. கிளினிக் ஆட்டோகிளேவ் பார்க்கும் பெண்ணுக்கு

இங்கேதான் நிறைய இருக்கிறது. காப்பி இருந்தால் எடுத்துக்கொள்.

1. தண்ணீர்: டிஸ்டில்டு அல்லது ஆர்.ஓ. குழாய்த் தண்ணீர் ஊற்றினால் காயிலில் உப்புப் படிந்து ஒரு நாள் பாதியில் நின்றுவிடும். தண்ணீர் காயிலுக்கு மேல் நிற்கிறதா என்று ஒவ்வொரு தடவையும் எட்டிப் பார். காலையில் ஊற்றியது மத்தியானம் இருக்காது.

2. மடிப்பு: கவுனை உள்பக்கம் வெளியே வருகிற மாதிரி மடி. போடுகிற டாக்டர் உள்பக்கத்தை மட்டும் தொட்டு எடுக்க வேண்டும். நாடாக்களை உள்ளே செருகு. அதற்கு மேல் பருத்தித் துணியில் இரண்டு சுற்று. ஒரு மூட்டை 5 கிலோவைத் தாண்டவே கூடாது. இழுத்துக் கட்டாதே, இரண்டு விரல் உள்ளே போக வேண்டும்.

3. அடுக்கு: மூட்டைகளைப் படுக்க வைத்து ஒன்றின் மேல் ஒன்று ஏற்றாதே, நெட்டுக்கு நிறுத்து. நடுவில் கை நுழைய இடம் விடு. இட்லிக் குழியில் விளிம்பு வழிய மாவு ஊற்றினால் நடு வேகாதே, அதே கதைதான். கடைசி கவுனையும் திணித்து ஒரு சுற்று மிச்சம் பிடிப்பவள், அந்தச் சுற்றையே வீணாக்குகிறாள்.

4. டிரம்: துணியை உலோக டிரம்மில் போடுகிறாய் என்றால், அதன் பக்கவாட்டு ஜன்னலைத் திறந்து உள்ளே வை. வெளியே எடுத்த உடனே ஜன்னலை மூடு. இதை எழுதிச் சுவரில் ஒட்டு. ஜன்னல் மூடியபடியே உள்ளே போய், பளபளவென்று வெளியே வந்து, உள்ளே ஆவியே படாத டிரம்கள் எத்தனையோ.

5. காற்று: வால்வைத் திறந்து வைத்தே சூடேற்று. சீராக ஆவி வந்து ஐந்து நிமிடம் ஆன பிறகு மூடு. காற்று ஆவியைவிடக் கனம், அடியில் தங்கும். அழுத்த முள் 15-ஐக் காட்டும், உள்ளே சூடு 121-ஐத் தொட்டிருக்காது. அதனால்தான் முள்ளை மட்டும் பார்க்காமல் தெர்மாமீட்டரையும் பார் என்கிறேன்.

6. நேரம்: துணி மூட்டைக்கு 121 டிகிரியில் 30 நிமிடம். 121 வந்த பிறகுதான் கடிகாரம் ஓட ஆரம்பிக்கும், ஸ்விட்சு போட்ட நேரத்திலிருந்து இல்லை. காற்றை உறிஞ்சி எடுக்கும் பெரிய மெஷின் என்றால் 134 டிகிரியில் சில நிமிடங்களே போதும், ஆனால் அதற்குத் தினமும் காலையில் காலி மெஷினில், காற்று முழுசாக வெளியேறுகிறதா என்று பார்க்கும் போவி-டிக் சோதனை போடவேண்டும். பல் டாக்டர் கிளினிக்கில் இருக்கும் சின்ன மெஷினுக்கு அந்த எண்ணைக் கடன் வாங்காதே.

7. கரண்ட்: பாதியில் போனால் மிச்ச நிமிடத்தைக் கூட்டிக் கணக்குப் பண்ணாதே. முதலிலிருந்து ஆரம்பி. 2020 மே 20-ல் ஆம்பன் புயல் அடித்தபோது தெற்குக் கொல்கத்தாவில் பல தெருக்களில் நாள் கணக்கில் கரண்டும் இல்லை, தண்ணீரும் இல்லை. ஒரு பக்கம் கொரோனா. அதற்குச் சில நாள் முன்னால்தான் இங்கே வேலை பார்த்த மணிப்பூர் நர்சுகள் கூட்டம் கூட்டமாக வேலையை விட்டு ஊருக்குக் கிளம்பிப் போயிருந்தார்கள். அந்த வாரத்தில் கை கொடுத்தது கேஸ் அடுப்பில் வைக்கும் பழைய ஸ்டைல் ஆட்டோகிளேவ். உன் கிளினிக் ஸ்டோர் ரூமில் ஒன்று தூசியோடு கிடந்தால் விற்கவிடாதே, கேஸ்கெட் மட்டும் மாற்றி வை.

8. டேப்: கறுப்புக் கோடு வந்துவிட்டது என்பதால் உள்ளே சுத்தம் என்று அர்த்தம் இல்லை. சூடு பட்டது என்றுதான் அர்த்தம். மூட்டையின் நட்ட நடுவில் ஒரு இண்டிகேட்டர் பட்டை வை. வாரம் ஒரு தடவையாவது ஸ்போர் சோதனை போடு. ஜியோபேசில்லஸ் என்ற சூடு தாங்கிக் கிருமியின் வித்து அந்தக் குப்பியில் இருக்கும். அதுவே செத்தால் மற்றதைப் பற்றிக் கவலை இல்லை. "செலவு" என்று முதலாளி முகம் சுளித்தால், புண் சீழ் பிடித்து ஒரு நோயாளி திரும்பி வந்தால் ஆகும் செலவைச் சொல்லு.

9. திறப்பது: மூடியின் அந்தப் பக்க விளிம்பை முதலில் தூக்கு, ஆவி உன் முகத்துக்கு எதிர்ப்பக்கம் போகட்டும். கொஞ்சமாகத் திறந்து வைத்து கால் மணி நேரம் விடு. மிச்ச ஈரம் அந்தச் சூட்டிலேயே போகும். சுடச்சுட எடுத்துக் கிரானைட் மேடையில் வைத்தால் அடியில் வியர்த்துவிடும். கம்பித் தட்டில் வை.

10. ஈர மூட்டை: சுத்தம் இல்லை. விவாதமும் இல்லை. நனைந்த துணி வழியாக வெளிக் கிருமி உள்ளே இழுக்கப்படும். பிரித்து, துணி மாற்றி, மறுபடி ஒரு முழுச் சுற்று. ஃபேனில் காயவைத்து எடுத்து வைப்பவளைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வரும்.

11. உபயோகிக்காமல் தேதி முடிந்த துணியை அப்படியே மறுபடி உள்ளே போடாதே. ஒரு தடவை துவைத்துவிட்டுப் போடு. சூட்டில் சூட்டில் காய்ந்து வறண்ட நூலில் ஆவி சரியாக வேலை செய்யாது, துணியும் சீக்கிரம் கிழியும்.

5. வேலைத் துணியை வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வராதே

"ராத்திரி வீட்டிலேயே அலசிடறேன் அக்கா, அங்க தோபி சரியில்ல." வேண்டாம். வியட்நாமில் ஹனோய் நகரத்து 14 ஆஸ்பத்திரிகளில் 2011-ல் துணி மாஸ்க் போட்ட ஊழியர்களை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. சர்ஜிக்கல் மாஸ்க் போட்டவர்களைவிடத் துணி மாஸ்க் போட்டவர்களுக்குத்தான் தொற்று அதிகம் வந்தது. பின்னால் அதே தகவலைக் கிளறிப் பார்த்ததில், மாஸ்க்கைத் தானே கையால் துவைத்தவர்களுக்கு, ஆஸ்பத்திரி லாண்டரியில் துவைக்கப் போட்டவர்களைவிட இரண்டு மடங்கு ஆபத்து இருந்தது தெரிந்தது. துணியை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. தினமும் களைத்து வந்து, அரை குறையாக அலசி, ஈரத்தோடே மறுநாள் போட்டால் வேறென்ன ஆகும்?

தெருமுனை இஸ்திரி வண்டியில் நோயாளித் துணியைக் கொடுப்பதும் கூடாது. அதே பலகையில் அடுத்து ஒரு ஸ்கூல் பிள்ளையின் சட்டை.

6. காயவைப்பது

சித்திரையில் நல்ல வெயில் என்று மொட்டை மாடியில் போடுவாய், நாலு மணிக்குக் காலபைசாகிப் புயல் புழுதியோடு வந்து எல்லாவற்றையும் அடுத்த வீட்டு மாடிக்குக் கொண்டுபோகும். மார்கழியில் காற்று உலர்ந்திருக்கும், சீக்கிரம் காயும், ஆனால் புகையும் தூசும். மழைக்காலத்தில் மூன்று நாளானாலும் காயாது. அதனால்:

- உள்ளே ஒரு அறை, ஒரு ஃபேன், இரண்டு கொடி. நோயாளி இருக்கும் அறையில் வேண்டாம்.

- பருத்தி மாஸ்க் லேசாக ஈரமாக இருக்கும்போதே இஸ்திரி போடு. அந்த ஈரமே ஆவியாகி நூலுக்குள் போகும், துணியும் முழுசாகக் காயும். இரண்டு வேலை ஒரே நேரத்தில். எலாஸ்டிக் மேல் மட்டும் பெட்டியை வைக்காதே.

- கன்னத்தில் ஒற்றிப் பார், ஜில்லென்று இருந்தால் காயவில்லை. இது வீட்டு மாஸ்க்குக்கு மட்டும். கிளினிக் மூட்டையைக் கன்னத்தில் ஒற்றினாயானால் தோலை உரித்துவிடுவேன்.

- கிளினிக் அலமாரி தரையிலிருந்து ஒரு முழமாவது உயரத்தில், சுவரை ஒட்டாமல் இருக்கட்டும். காலேஜ் ஸ்ட்ரீட், தன்தனியா பக்கம் ஒரு மணி நேர மழைக்கு முழங்கால் தண்ணீர் நிற்பது உனக்கே தெரியும். கீழ்த்தளத்தில் கீழ்த்தட்டில் வைத்த மூட்டை நனையாவிட்டாலும், சுவர் ஈரம் ஏறும். இரட்டைத் துணி மூட்டைக்குப் பொதுவாக ஒரு வாரக் கெடு வைப்பது வழக்கம். நனைந்தாலோ, கிழிந்தாலோ, கீழே விழுந்தாலோ கெடு அந்த நிமிடமே முடிந்தது.

7. நேரமே இல்லை என்பவளுக்கு

- ஆளுக்கு ஆறு மாஸ்க் வை. துவைப்பதை அன்றன்றைக்கே முடி, வேகவைப்பதை மட்டும் இரண்டு நாளுக்கு ஒரு தடவை மொத்தமாக முடி.

- போட்டது ஒரு மூடி போட்ட பக்கெட், சுத்தமானது ஒரு டப்பா. இரண்டுக்கும் வேறு வேறு கலர். அவசரத்தில் கை தானாகச் சரியான இடத்துக்குப் போகும்.

- குக்கரை ஏற்றிவிட்டுக் குளிக்கப் போகாதே. போனில் அலாரம் வை, சமையலறையிலேயே இரு.

- தூக்கி எறியும் மாஸ்க்கைப் பேப்பர் பையில் 72 மணி நேரம் வைத்து, பிறகு வெட்டிப் போடு. வெட்டாமல் போட்டால் குப்பை பொறுக்குபவர் எடுத்து உதறி யாருக்காவது விற்றுவிடுவார். கிளினிக்கில் என்றால் வீட்டு வழி கிடையாது: மாஸ்க்கும் தொப்பியும் மஞ்சள் பை, ஃபேஸ் ஷீல்டும் கண்ணாடியும் கையுறையும் சிவப்புப் பை.

- பருத்தி மாஸ்க்கை மாதம் ஒரு முறை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார். நூல் விலகிப் பளிச்சென்று வெளிச்சம் தெரிந்தால் அதன் காலம் முடிந்தது. கிழித்துத் தரை துடைக்க வைத்துக்கொள். "இன்னும் நல்லாத்தான் இருக்கு" என்று வேலைக்கு வரும் மாஷியிடம் கொடுக்காதே. அவள் உன் மாமியாரின் அறையைத்தான் கூட்டிப் பெருக்குகிறாள், நாலு வீட்டுக்கும் போகிறாள். அவளுக்கு நாடா வைத்த புது மாஸ்க் மூன்று வாங்கிக் கொடு, உன்னுடையதோடு சேர்த்து அவளுடையதையும் அந்தக் குக்கரிலேயே போடு.